உலோக நுரை வெப்பமாற்றி: வன்னியிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

அறிவியல் நகரில் பொறியியல் பீடம் வந்த பிறகு கிளிநொச்சிப் பக்கத்தில் உலோக நுரையால் செய்யும் வெப்பமாற்றியைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வெப்பமாற்றி என்றால் ரேடியேற்றர் போல, ஒன்றின் வெப்பத்தை இன்னொன்றுக்கு மாற்றும் சாதனம். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஒரு பக்கம். ஏ9 வீதியோரம் ரேடியேற்றர் திருத்துபவர்களும் அரிசி ஆலைக்காரரும் இன்னொரு பக்கம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலோக நுரையை விற்பவர்கள் அதன் பரப்பளவைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு இரண்டு விடயங்களை: விசிறிக்குக் கொடுக்கும் வலுவுக்கு எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது, பிறகு அதைக் கழுவ முடியுமா. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இரண்டையும் சுற்றித்தான் போகும்.

உலோக நுரை என்பது உண்மையில் என்ன?

பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை அலுமினியத்தில் வார்த்தால் எப்படி இருக்குமோ அதுதான். பல வேளைகளில் செய்வதும் அப்படித்தான்: பொலியூரிதேன் ஸ்பொஞ்சை அச்சுச் சாந்தில் அமிழ்த்தி, சாந்து இறுகியதும் ஸ்பொஞ்சை எரித்து நீக்கி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். சாந்தைக் கழுவினால் மெல்லிய கம்பிகளால் ஆன வலைக்கூடு மிஞ்சும். மொத்தக் கனவளவில் 90 முதல் 95 வீதம் வெற்றிடம்தான். இந்தப் பங்கைத்தான் துளைமை என்கிறோம். 95 வீதத் துளைமை உள்ள அலுமினிய நுரையில் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 135 கிலோதான் நிறுக்கும்.

இன்னொரு அளவு பிபிஐ, அதாவது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளை. 10 பிபிஐ என்றால் துளை ஒன்று சுமார் இரண்டரை மில்லிமீற்றர். துளைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். மூடிய குமிழிகள் கொண்ட அலுமினிய நுரையும் சந்தையில் உண்டு. அது சத்தத்தையும் மோதலையும் தாங்கச் செய்தது, அதற்குள் காற்று போகாது. இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இந்த இரண்டும் மாறிவிடும்.

காற்று அதற்குள் போக எவ்வளவு அமுக்கம் தேவை?

இதற்கான அடிப்படை நிலத்தடி நீரில் இருந்து வந்தது. 1856இல் பிரான்ஸின் டிஜோன் நகர நீர் விநியோகத்துக்காக வேலை செய்த ஹென்றி டார்சி, மணலுக்குள் நீர் போகும் வேகம் அமுக்க வித்தியாசத்துக்கு நேர்விகிதம் என்று காட்டினார். நம் கிணறுகளுக்கு ஊற்று வருவதும் அதே விதிப்படிதான். ஆனால் அது மெதுவான ஓட்டத்துக்குத்தான் சரி. வேகம் கூடும்போது பாய்பொருள் (காற்று, நீர் போல ஓடுவது) நுரையின் ஒவ்வொரு கம்பியிலும் மோதித் திரும்பி, பின்னால் சுழல்களை விட்டுச் செல்கிறது. அந்த இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1901இல் ஃபோர்ச்ஹைமர் இந்த இரண்டாவது உறுப்பைச் சேர்த்தார். ஆகவே ஒரு மீற்றர் தடிப்புக்கான அமுக்க இழப்பு இரண்டு பகுதிகளின் கூட்டு: பிசுக்குமை (பாய்பொருளின் உள் உராய்வு) தரும் பகுதி வேகத்தோடும், சடத்துவம் தரும் பகுதி வேகத்தின் வர்க்கத்தோடும் ஏறும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இது புரியும். 10 பிபிஐ நுரைக்கு ஊடுபுகவிடுதிறன் (பாய்பொருளை எவ்வளவு சுலபமாக உள்ளே விடுகிறது என்ற அளவு) கிட்டத்தட்ட ஒரு சதுர மீற்றரின் கோடியில் ஒரு பங்கு, இரண்டாவது பகுதியின் அளவைச் சொல்லும் சடத்துவக் குணகம் 0.1 என்று எடுப்போம். தடிப்பு 5 சென்ரிமீற்றர். காற்று செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் வந்தால் இழப்பு ஏறத்தாழ 28 பாஸ்கல். அதில் மூன்றில் இரண்டு பங்கு சடத்துவப் பகுதி. இவ்வளவு மெதுவான காற்றிலேயே டார்சி மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். வேகத்தை 3 மீற்றராக்கினால் இழப்பு 192 பாஸ்கல், ஏழு மடங்கு. விசிறிக்கு வேண்டிய வலு என்பது அமுக்கத்தைக் கனவளவு ஓட்டத்தால் பெருக்கி வருவது. எனவே அது 21 மடங்காகிறது. முகப்பு ஒரு சதுர மீற்றர் என்றால், 28 வாற்றில் ஓடிய வேலைக்கு 576 வாற் வேண்டும். விசிறியின் திறன் குறைவைச் சேர்த்தால் அதற்கும் மேல்.

அதே வேளையில் வெப்பம் எவ்வளவு கூடும்? கம்பிகளுக்கும் காற்றுக்கும் இடையிலான மேற்காவுகைக் குணகம், அதாவது ஓடும் காற்று கம்பியின் பரப்பில் இருந்து வெப்பத்தை எடுக்கும் திறன், வேகத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறுகிறது. வேகம் மூன்று மடங்கானால் அது 1.7 மடங்கு. வலு 21 மடங்கு, குணகம் 1.7 மடங்கு. நுரை வெப்பமாற்றி வடிவமைப்பவர் முகப்பைப் பெரிதாக்கி, தடிப்பைக் குறைத்து, காற்றை மெதுவாக விட வேண்டும் என்பதற்குக் காரணம் இந்த இரண்டு எண்கள்தான்.

நுரை ஏன் வெப்பத்தை நன்றாகக் கடத்துகிறது என்கிறார்கள்?

மூன்று காரணங்கள் சொல்வார்கள். பரப்பளவு ஒன்று: ஒரு கன மீற்றருக்குள் பல நூறு முதல் சில ஆயிரம் சதுர மீற்றர் வரை. இரண்டாவது, ஒவ்வொரு கம்பியிலும் எல்லைப்படை (பரப்பை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய படை) புதிதாகத் தொடங்குகிறது. நீண்ட தகட்டில் அது தடித்துக்கொண்டே போய் வெப்பத்தைத் தடுக்கும், இங்கே அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மூன்றாவது, பாய்பொருள் வளைந்து வளைந்து போவதால் சூடான பகுதியும் குளிர்ந்த பகுதியும் தாமாகக் கலக்கின்றன.

எல்லாம் சரி. ஆனால் வெப்பம் முதலில் குழாய்ச் சுவரில் இருந்து அந்தக் கம்பிகளுக்குப் போக வேண்டுமே? அங்கேதான் நுரை வலு இழக்கிறது. அலுமினியத்தின் வெப்பக் கடத்தாறு (வெப்பத்தைக் கடத்தும் திறன்) மீற்றர்-கெல்வினுக்கு 200 வாற்றுக்கு மேல். 95 வீதத் துளைமையில் உலோகம் 5 வீதம்தானே, அப்படியானால் 11 வாற் இருக்க வேண்டும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் கிடைப்பது 4 வாற்றளவு. கம்பிகள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. நமக்கு வேண்டியதோ சுவரில் இருந்து விலகும் ஒரு திசை மட்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகம்தான் அந்தத் திசையில் வேலை செய்கிறது. அதே 5 வீத அலுமினியத்தை நேரான மெல்லிய தகடுகளாக அடுக்கினால் முழுப் 11 வாற்றும் கிடைக்கும். சாதாரணத் தகட்டு ரேடியேற்றர் நூறு வருடமாக நிலைத்து நிற்பதற்கு மலிவு மட்டும் காரணமல்ல.

அப்படியானால் நுரை எவ்வளவு உயரமாக இருக்கலாம்?

குறைவாகத்தான். நுரையைச் சுவரில் நிற்கும் ஒரு செட்டையாக (வெப்பத்தை வெளியேற்ற நீட்டி வைக்கும் மெல்லிய தகடு) நினைத்துக் கணக்கிடலாம். கடத்தாறு 4, மேற்காவுகைக் குணகம் 150, பரப்பளவு கன மீற்றருக்கு 800 சதுர மீற்றர் என்றால், 4ஐ 150 × 800ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுங்கள். விடை ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். வெப்பம் சுவரில் இருந்து இந்த அளவு தூரம்தான் தாராளமாகப் போகும். 6 மில்லிமீற்றர் உயர நுரையை 12 ஆக்கினால் உலோகமும் விலையும் இரட்டிப்பாகும், வெளியேறும் வெப்பமோ கால் பங்கு அளவே கூடும். அதற்கு மேலே உள்ள நுரை காற்றைத் தடுத்துக்கொண்டு சும்மா நிற்கும்.

நீருக்கு இன்னும் மோசம். நீரின் மேற்காவுகைக் குணகம் பல பத்து மடங்கு பெரியது. எனவே இந்தத் தூரம் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். பாய்பொருளின் கலப்பு கொஞ்சம் உதவும் என்பது உண்மை, ஆனாலும் தடித்த குழாய் முழுக்க நுரையை அடைத்து நீரை விடுவது பெரும்பாலும் பம்பிக்குத் தண்டனை.

10 பிபிஐயா, 40 பிபிஐயா?

பிபிஐ கூடினால் பரப்பளவு கூடும், ஊடுபுகவிடுதிறன் விழும். கடத்தாறு கிட்டத்தட்ட மாறாது, அதைத் தீர்மானிப்பது துளைமை. மாணவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். விசிறி சிறிது, காற்றில் தூசு உண்டு என்றால் 5 அல்லது 10. சுத்தமான வாயு, அமுக்கம் தாராளம், இடம் குறைவு என்றால் 20, 40 பற்றி யோசிக்கலாம். துளைமையில் தெரிவு இருந்தால் 95ஐ விட 90 வீதத்தை எடுங்கள். உலோகம் இரட்டிப்பு, கடத்தாறும் ஏறத்தாழ இரட்டிப்பு.

"தம்பி, எங்கட உழவு மெசின்ர ரேடியேற்றருக்கு இதைப் பூட்டலாமோ?"

இதைக் கேட்காத கராஜ் இல்லை. வேண்டாம் அண்ணை என்பதுதான் என் பதில். ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

வன்னியில் ரேடியேற்றருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று சூடு. குளிர் நாட்டில் 20 பாகைக் காற்றுக்கு வடிவமைத்த ரேடியேற்றரில் 90 பாகை நீர் ஓடினால் வித்தியாசம் 70. இங்கே கச்சான் வீசும் நாளில் 36 பாகை, வித்தியாசம் 54. மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் வெளியேறும் வெப்பம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைகிறது. இதைச் சரிக்கட்டத்தான் பலருக்கு நுரையில் ஆசை வருகிறது.

இரண்டாவது எதிரி தூசு. சிறுபோக அறுவடை நடக்கும் ஆவணி மாதத்தில் வயலில் நிற்கும் இயந்திரத்தைப் பாருங்கள். செம்மண் புழுதி, வைக்கோல் துகள், நெல்லுச் சுணை எல்லாம் ரேடியேற்றர் முகத்தில் படிந்திருக்கும். தகட்டு ரேடியேற்றரில் பாதை நேரானது. பின்பக்கமிருந்து கொம்பிரசர் காற்றை அடித்தால் பெரும்பகுதி வந்துவிடும், மிச்சத்தைத் தண்ணீர் எடுக்கும். நுரையில் நேரான பாதை கிடையாது. உள்ளே போன வைக்கோல் துகள் ஒரு கம்பியில் தடங்கும், அதில் இன்னொன்று சிக்கும். பின்பக்கக் காற்று அதை வெளியே தள்ளாமல் வேறொரு துளைக்குள் நகர்த்திவிடும். துளை சுருங்கியதும் ஊடுபுகவிடுதிறன் விழுகிறது, விசிறி அதே சுற்றில் ஓடினாலும் காற்று குறைகிறது, இயந்திரம் கொதிக்கிறது. எண்ணெய்க் கசிவு சேர்ந்தால் அந்தத் துண்டை எறிய வேண்டியதுதான்.

தூசே இல்லை என்று வைத்தாலும், ஒரே விசிறி வலுவுக்கு ஒப்பிட்டால் கீறி வளைத்த செட்டைத் தகடு கொண்ட நல்ல ரேடியேற்றரை நுரை வெல்வது அரிது. நுரை பல மடங்கு சிறந்தது என்று காட்டும் வரைபடங்களைக் கவனமாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்பீடு வெறுங்குழாயோடு இருக்கும், அல்லது ஒரே காற்று வேகத்தில் செய்யப்பட்டு விசிறியின் செலவு கணக்கில் வராமல் இருக்கும்.

முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரம் இன்னொரு சிக்கல்: உப்புக் காற்று. கம்பியின் தடிப்பு அரை மில்லிமீற்றருக்கும் குறைவு, அரிப்பு அதை விரைவில் அறுத்துவிடும். செப்புக் குழாயில் அலுமினிய நுரையை ஒட்டினால் இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்து ஒரு மின்கலம் போலாகி, அலுமினியம் கரையும். இயந்திரம் சூடாகிறது என்றால் விசிறி உறையைச் சரிபாருங்கள், பெல்ற்றை இறுக்குங்கள், ஒரு வரி கூடிய ரேடியேற்றரைப் போடுங்கள்.

கடையில் விற்கும் கம்பிப் பஞ்சை அடைத்தால் மலிவாக முடியாதா?

சுவரோடு ஒட்டாத உலோகம் சுவரின் வெப்பத்தை எடுக்காது. கம்பிப் பஞ்சு குழாயைத் தொடும் இடங்கள் ஊசி முனை அளவு. விலை உயர்ந்த நுரையும் வெறுமனே அழுத்தி வைத்தால் இதே கதைதான். அதனால்தான் அதைப் பிறேசிங் செய்கிறார்கள், அதாவது இடையில் வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுகிறார்கள். எப்பொக்சிப் பசை இரண்டாந்தரம், அதன் கடத்தாறு உலோகத்தின் அருகிலும் வராது.

ஆனால் ஓர் இடத்தில் கம்பிப் பஞ்சு நியாயமான தெரிவு. சூடான வாயுவை ஒரு தடவையும் குளிர்ந்த வாயுவை அடுத்த தடவையும் ஒரே படுக்கை வழியே மாறி மாறி விட்டால், கம்பி வெப்பத்தைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும். 1816இல் றொபேர்ட் ஸ்ரேலிங் காப்புரிமை எடுத்த வெப்ப மீட்பியின் அடிப்படை அதுதான். அதற்குச் சுவர்த் தொடுகை தேவையில்லை. செலவில்லாத செயற்றிட்டம் தேடும் மாணவர்கள் இதை எடுக்கலாம்.

ஆனையிறவு உப்பை வைத்து நாங்களே நுரை செய்யலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. செய்யலாம், முறையும் பழையதுதான். உப்பு 801 பாகையில் உருகும், அலுமினியம் 660 பாகையில். ஒரே அளவாகச் சலித்த உப்புக் கற்களை உருக்கு அச்சில் நிரப்பிச் சூடாக்கி, உருகிய அலுமினியத்தை அவற்றின் இடைவெளிகளுக்குள் செலுத்தி, ஆறிய பின் நீரில் ஊற வைத்தால் உப்பு கரைந்து போய்விடும். உப்புக் கல்லின் அளவே துளையின் அளவு, சல்லடையால் தீர்மானிக்கலாம்.

இரண்டு விடயத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். உருகிய அலுமினியம் உப்பை நனைக்காது, தானாக இடுக்குக்குள் இறங்காது. அமுக்கமோ வெற்றிடமோ வேண்டும். அடுத்தது, கிடைக்கும் துளைமை 60 முதல் 75 வீதம் வரைதான். உப்புக் கற்கள் ஒன்றோடொன்று நெருங்கும் அளவு அதற்கு மேல் விடாது. அதனால் கடத்தாறு நல்லாயிருக்கும், அமுக்க இழப்பு பல மடங்கு கூடும். ஸ்பொஞ்சில் வார்த்த நுரைக்கு எழுதிய சூத்திரங்களை இதற்குப் போடாதீர்கள். மணற்படுக்கை போன்றவற்றுக்காக 1952இல் ஏர்குன் தந்த சமன்பாட்டில் தொடங்கி, பிறகு அளந்து திருத்துங்கள்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். கடலுப்பு ஈரம் பிடித்தது, கல்லுக்குள்ளேயே நீர் சிறைப்பட்டிருக்கும். ஈரத்தின் மேல் உருகிய அலுமினியம் பட்டால் நீராவி வெடித்து உலோகம் சிதறும். உப்பைப் பல மணிநேரம் உயர் வெப்பத்தில் உலர்த்தாமல், முகமறைப்பும் தோற்கையுறையும் இல்லாமல், வீட்டு முற்றத்தில் இதைச் செய்ய வேண்டாம். வார்ப்பு அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

சேர், கணினியில் செய்த கணிப்பு பரிசோதனையோடு பொருந்துவதே இல்லை. ஏன்?

பெரும்பாலும் நாலு இடத்தில் பிழை இருக்கும்.

கடத்தாறுதான் முதல் சந்தேகம். ஃபுளுவென்ற் போன்ற மென்பொருள், நுண்டுளை வலயம் என்று சொன்னவுடன் உலோகத்தையும் காற்றையும் கனவளவுப் பங்குப்படி சராசரி எடுக்கும். மேலே சொன்ன 11 வாற் அப்படித்தான் வரும். உண்மை 4. நீங்கள்தான் கையால் திருத்த வேண்டும்.

அடுத்தது அரைவாசிக் குணகம். ஃபுளுவென்ற்றும் ஓப்பன்ஃபோமும் சடத்துவப் பகுதியை அரை அடர்த்தி தர வேகத்தின் வர்க்கம் என்று எழுதுகின்றன. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அந்த அரை இல்லை. ஆகவே குணகம் 0.1ஐ ஊடுபுகவிடுதிறனின் வர்க்கமூலத்தால் பிரித்து, பிறகு இரண்டால் பெருக்க வேண்டும். நமது எடுத்துக்காட்டுக்கு அது மீற்றருக்கு ஏறத்தாழ 632. பிசுக்குமைப் பகுதிக்கு ஊடுபுகவிடுதிறனின் தலைகீழ், அதாவது ஒரு கோடி. பாதி அமுக்க இழப்பு காணாமல் போனால் முதலில் இங்கே பாருங்கள்.

மூன்றாவது, வெப்பச் சமநிலை. மென்பொருளின் இயல்புநிலை, ஒவ்வொரு புள்ளியிலும் உலோகமும் பாய்பொருளும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அலுமினியமும் காற்றும் அப்படி இருக்காது. ஒன்றின் கடத்தாறு 200க்கு மேல், மற்றதினது 0.026. இரண்டுக்கும் தனித்தனிச் சக்திச் சமன்பாடு எழுதி, நடுவில் மேற்காவுகையால் இணைக்க வேண்டும். அதற்கு மேற்காவுகைக் குணகமும் பரப்பளவும் நீங்களே கொடுக்க வேண்டியவை. நுரையும் பாய்பொருளும் கடத்தாற்றில் நெருக்கமாக இருந்து, ஓட்டமும் மெதுவாக இருந்தால் மட்டும் ஒற்றைச் சமன்பாடு போதும்.

நாலாவது, தொடுகைத் தடை. கணினியில் நுரை சுவரோடு பூரணமாக ஒட்டியிருக்கும். உங்கள் மாதிரியில் அது பசை.

கொந்தளிப்பு மாதிரி (சுழன்று குழம்பும் ஓட்டத்தைக் கணிக்கும் சமன்பாடுகள்) எதைப் போடுவது என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது ஐந்தாவது கவலை. துளை அளவை வைத்துக் கணித்த ரெனோல்ட்ஸ் எண் (சடத்துவத்துக்கும் பிசுக்குமைக்கும் உள்ள விகிதம்) சில நூறைத் தாண்டாத வரை மேலே உள்ள நாலும்தான் விடையை மாற்றும்.

பெரிய உபகரணம் இல்லாமல் ஆய்வுகூடத்தில் என்ன அளக்கலாம்?

ஊடுபுகவிடுதிறனையும் சடத்துவக் குணகத்தையும் தாராளமாக அளக்கலாம். சதுரக் குழாய் ஒன்று, வேகம் மாற்றக்கூடிய விசிறி, காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீற்றர், அமுக்கமானி. பல வேகங்களில் அமுக்க இழப்பை எடுத்து, அதைத் தடிப்பாலும் வேகத்தாலும் பிரித்து, வேகத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வர வேண்டும். வெட்டுத்துண்டு பிசுக்குமைப் பகுதியைத் தரும், சாய்வு சடத்துவப் பகுதியைத் தரும்.

28 பாஸ்கல் என்பது நீர் மட்டத்தில் 3 மில்லிமீற்றருக்கும் குறைவு. நிமிர்ந்த யு குழாயில் வாசிக்க முடியாது. குழாயைக் கிடையில் இருந்து 10 பாகை சாய்த்தால் நகர்வு கிட்டத்தட்ட ஆறு மடங்காகத் தெரியும். நுரையின் ஓரத்துக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் வெடிப்பு இருக்கக் கூடாது. காற்று சுலபமான வழியால் போய்விடும், உங்கள் நுரை அதிசயமான நுரையாகத் தெரியும்.

இலங்கைக் காரீயத்தில் (கிரபைற்றில்) காபன் நுரை செய்யலாம்தானே?

காரீய நுரை நல்ல பொருள்தான். அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் 1990களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் கிளெற் உருவாக்கினார். கம்பிச் சுவரின் கடத்தாறு செப்பையே மிஞ்சும், முழு நுரையினது 100 வாற்றையும் தாண்டலாம். அலுமினிய நுரையின் 4 எங்கே! ஆனால் அதைத் தாரில் இருந்து கிடைக்கும் ஒருவகைப் பிசினை அமுக்கத்தில் நுரைக்க வைத்து, பிறகு மிக உயர்ந்த வெப்பத்தில் காரீயமாக்குகிறார்கள். போகல சுரங்கத்தில் தோண்டும் காரீயம் வேறு பாதை. துளைகளும் மிகச் சிறியவை, காற்றை நேரே உள்ளே தள்ளினால் அமுக்க இழப்பு தாங்காது.

கிணற்று நீரைச் சூடாக்க அல்லது குளிராக்க இதைப் பயன்படுத்தலாமா?

நம் பக்கத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். கேத்தலின் அடியில் வரும் வெள்ளைப் படிவு நுரையின் கம்பிகளிலும் வரும், அதுவும் கம்பி சூடான இடத்தில் முதலில். அமிலம் விட்டுக் கரைத்தால் அலுமினியமும் சேர்ந்து கரையும். மூடிய சுற்றில் சுத்திகரித்த நீரோ எண்ணெயோ ஓடுகிறது என்றால் யோசிக்கலாம். கிணற்று நீருக்கு வெறுங்குழாய், அதுவும் கம்பித் தூரிகை உள்ளே போகக்கூடிய குழாய்.

பகல் வெயிலை மெழுகும் நுரையும் சேர்த்துச் சேமித்து, இரவில் நெல் காய வைக்கலாமா?

மெழுகு உருகும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதன் கடத்தாறு வெறும் 0.2 என்பதால் வெப்பம் உள்ளே போகவும் வெளியே வரவும் நெடுநேரம் பிடிக்கும். 95 வீத அலுமினிய நுரைக்குள் மெழுகை நிரப்பினால் கடத்தாறு இருபது மடங்காகும், மெழுகின் இடத்தில் 5 வீதம்தான் போகும். நுரை வெப்பமாற்றியின் மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று இது என்பேன். தூசு இல்லை, விசிறி இல்லை, கழுவவும் வேண்டியதில்லை.

ஆனால் நெல்லுக்கு? கணக்கைப் பாருங்கள். ஒரு தொன் நெல்லை 20 வீத ஈரத்தில் இருந்து 13க்குக் கொண்டுவர 80 கிலோ நீர் ஆவியாக வேண்டும். கிலோவுக்கு 2.4 மெகாயூல், மொத்தம் 190 மெகாயூலுக்கு மேல். அதற்கு ஏறத்தாழ ஒரு தொன் மெழுகு! வெளிக்காற்று தானாகக் காயவைக்கும் பங்கைக் கழித்தாலும் இது கட்டுப்படியாகாது. ஒரு கிலோ உமி எரிந்தால் 13 முதல் 15 மெகாயூல். பாதி வீணானாலும் முப்பது கிலோவுக்குள் உமி போதும், அந்த ஒரு தொன் நெல்லில் இருந்தே இருநூறு கிலோ அளவு உமி கிடைக்கிறது. ஆலைக்காரர் உமிச் சூளையோடு நிற்கட்டும். சூளைப் புகைப் பக்கத்தில் நுரை போடவும் வேண்டாம், உமிச் சாம்பலின் சிலிக்கா அதை அடைத்துவிடும்.

விதை சிறிதளவு என்றால் மெழுகு பொருந்தலாம். விதைநெல்லை 43 பாகைக்கு மேல் சூடாக்கினால் முளைதிறன் கெடும். மெழுகு தன் உருகுநிலையிலேயே நின்று வெப்பத்தைக் கொடுக்கும் இயல்புடையது. மீறிச் சூடாகும் அபாயத்தைக் கட்டுப்படுத்த அது நல்ல வழி.

கதிர்ப்பை (சூடான பொருள் கதிராக வீசும் வெப்பத்தை) கணக்கில் எடுக்க வேண்டுமா?

நூறு பாகை அளவில் வேலை செய்யும் அலுமினிய நுரைக்கு வேண்டியதில்லை. ஆயிரம் பாகையில் சூரிய ஒளியை வாங்கும் சிலிக்கன் காபைட்டு நுரைக்குக் கட்டாயம் வேண்டும், அங்கே அதுதான் முக்கிய வழி.

அப்படியானால் வன்னியில் இது எங்கேதான் பொருந்தும்?

சூடு ஒரு சிறிய இடத்தில் குவிந்து, உள்ளே ஓடும் காற்று வெளித் தூசைக் காணாத இடங்களில். சூரிய மின் பம்பிகளின் கட்டுப்படுத்தி, இன்வேட்டர் போன்ற மூடிய பெட்டிகளின் உட்சுற்றுக் காற்று ஓர் உதாரணம். அரைகடத்தியைப் பொருத்தும் உலோகத் தகட்டின் மேல் பிறேசிங் செய்த 10 மில்லிமீற்றருக்கு மேற்படாத நுரை, சின்ன விசிறி. அங்கேயும் சாதாரண செட்டை வெப்பத்தணிப்பான் இடம் போதுமானால் அதையே போடுங்கள். மெழுகுச் சேமிப்பைச் சிறிய அளவில் செய்து பார்ப்பதும் நல்ல மாணவர் வேலை.

வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

திறந்த துளையா என்பது முதலில். பிறகு பிபிஐ, துளைமை, உலோகக் கலவை. துளைமையைச் சொல்லத் தெரியாவிட்டால் துண்டின் நிறையைக் கேட்டு நீங்களே கண்டுபிடிக்கலாம்: 30 க்கு 30 க்கு 5 சென்ரிமீற்றர் அலுமினியத் துண்டு 600 கிராம் அளவென்றால் 95 வீதம், 1200 கிராம் என்றால் 90. மின்கலத்துக்காக விற்கும் 1, 2 மில்லிமீற்றர் நிக்கல் நுரை மலிவாகக் கிடைக்கும். அதன் துளைகள் மிக நுண்ணியவை, காற்று வெப்பமாற்றிக்கு எடுக்க வேண்டாம். வெட்டும்போது கத்தரியோ ஹக்சோவோ ஓரத்தை நசுக்கி, காற்று நுழையும் முகத்தையே மூடிவிடும். கம்பி வெட்டு இயந்திரத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள், அது முடியாவிட்டால் வேண்டிய அளவிலேயே வாங்குங்கள்.